பழைய டிராக்டரில் கார்புரேட்டர் ஒழுக்கு: காரணமும் பரிகாரமும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் விளைநிலங்களில் பெரும்பகுதி மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிவிட்டது. அம்பத்தூர் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019ஆம் ஆண்டில் தானே ஒரு மாநகராட்சியாயிற்று. ஆயினும் பூந்தமல்லி, வில்லிவாக்கம் ஒன்றியங்களின் சிற்றூர்களில் ஏரியை நம்பி நெல்லும், கிணற்றை நம்பிக் கீரையும் காய்கறியும் பயிரிடுவோர் இன்றும் உளர். அவர்களுள் சிலரது கொட்டகையில் பாட்டனார் காலத்து டிராக்டர் ஒன்று நிற்கிறது. புதிய டிராக்டர் வாங்கினால் அதற்கு வேலை கொடுக்கும் அளவுக்கு நிலம் இல்லை. இரண்டு மூன்று ஏக்கருக்குப் பழைய வண்டியே போதும் என்று அதனைப் பேணி வருகின்றனர். அத்தகையோர் அடிக்கடி கூறும் குறை, கார்புரேட்டர் ஒழுகுகிறது என்பதாகும்.

இதனைச் சிறு குறையென எண்ணி, அடியில் ஒரு தகர டப்பாவை வைத்துவிட்டு உழவுக்குப் போவோர் உண்டு. பெருங் குறையென அஞ்சி வண்டியையே பழைய இரும்புக்கு எடை போட்டு விற்போரும் உண்டு. முன்னவர் தீ விபத்துக்கு வழி வைக்கின்றனர். பின்னவர் சில ரூபாய் பெறும் ஒரு வாஷருக்காக ஓடும் இயந்திரத்தை இழக்கின்றனர். ஒழுக்கு எங்கிருந்து வருகிறது, எப்பொழுது வருகிறது என்னும் இரண்டையும் பொறுமையோடு பார்த்தால், பெரும்பாலான சமயங்களில் கார்புரேட்டரை மாற்ற வேண்டிய அவசியமே நேராது.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் நலம். நம் ஊர்களில் இன்று ஓடும் டிராக்டர்கள் ஏறக்குறைய யாவும் டீசலால் இயங்குபவை. அவற்றில் கார்புரேட்டர் என்னும் உறுப்பே கிடையாது. நம் நாட்டில் டிராக்டர் உற்பத்தி 1959ஆம் ஆண்டில் ஐஷர் நிறுவனத்தாலும், 1960ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்ற டாஃபே நிறுவனத்தாலும் தொடங்கி வளர்ந்தபொழுது டீசல் வகையே நிலைபெற்றது. அதற்கு முன்னர் வெளிநாடுகளிலிருந்து வந்து இறங்கியவற்றுள்தான் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடுபவை இருந்தன. இங்கிலாந்தில் காவெண்டிரி நகரில் 1946 முதல் 1956 வரை உருவான சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20 அவற்றுள் பெயர்பெற்றது. அந்த வகையில் மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. ஃபோர்ட்சன் வண்டிகளையும் முதியோர் நினைவுகூர்வர். ஆனால் ஃபெர்குசனிலும் 1951ஆம் ஆண்டு முதல் டீசல் வகை வந்துவிட்டமையால், பெயரை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது. என்ஜின் தலையில் ஸ்பார்க் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவ்வண்டியில் கார்புரேட்டர் உண்டு. இல்லையேல் அது டீசல் வண்டி. அங்கே ஒழுகுவது பம்பின் இணைப்போ, இன்ஜெக்டர் குழாயின் செம்பு வாஷரோ ஆகும். அது வேறு கதை. அதற்குரிய பட்டறையை நாடுவதே சரி.

கார்புரேட்டர் உள்ள இயந்திரம் டிராக்டர் ஒன்றுதான் என்பதில்லை. நீர் இறைக்கும் சிறிய பெட்ரோல், மண்ணெண்ணெய் என்ஜின்கள் பலவற்றிலும் இதே அமைப்பு உண்டு. வெள்ளக் காலத்தில் தெருவில் தேங்கிய நீரை வெளியேற்ற ஊராட்சிகள் வைத்திருக்கும் என்ஜின்களும் இவ்வகையைச் சேர்ந்தவையாக இருக்கலாம். ஆதலின் டிராக்டர் இல்லாதவர்களும் இதனைப் படித்தல் வீணன்று.

மிதவையின் வேலை

வீட்டு மேல்நிலைத் தொட்டியில் ஒரு பந்து மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். நீர் ஏற ஏறப் பந்தும் ஏறி, குறித்த மட்டத்தில் குழாயை அடைத்துவிடுகிறது. நீர் குறைந்தால் பந்து இறங்கிக் குழாய் திறக்கிறது. கார்புரேட்டரின் பக்கத்திலோ அடியிலோ உள்ள கிண்ணத்திலும் இதுவே நிகழ்கிறது. அதனுள் பித்தளைத் தகட்டால் ஆன உள்ளீடற்ற மிதவை ஒன்று இருக்கிறது. அது எழும்பும்பொழுது ஒரு சிறிய ஊசியைத் தள்ளி, எரிபொருள் வரும் துளையை அடைக்கிறது. கிண்ணத்தில் நிற்கும் எரிபொருளை, என்ஜின் இழுக்கும் காற்று, ஜெட் என்னும் நுண்துளையின் வழியே உறிஞ்சிப் புகைபோல ஆக்கிக்கொண்டு போகிறது.

கிண்ணத்தில் எரிபொருள் நிற்க வேண்டிய மட்டம் ஜெட்டின் வாயைவிடச் சற்றே தாழ்ந்தது. ஏரிக்குக் கலங்கல் எப்படியோ, கார்புரேட்டருக்கு ஜெட்டின் வாய் அப்படி. ஊசி சரியாக அடைக்காமற்போனால் மட்டம் உயர்ந்து, அந்த வாயின் வழியே காற்றுக் குழலுக்குள் வழிந்துவிடுகிறது. டிராக்டரில் எரிபொருள் தொட்டி என்ஜினுக்கு மேலே இருப்பதால், குழாயைத் திறந்து வைத்திருக்கும் வரையில் தொட்டி முழுவதும் வழிந்து தீரக்கூடும். என்ஜின் ஓட வேண்டும் என்பதுகூட இல்லை. இரவில் மூடாமல் விட்ட குழாயால் காலையில் தொட்டி வெறுமையாகியிருப்பதற்குக் காரணம் இதுவே. எவனோ பெட்ரோலைத் திருடிவிட்டான் என்று அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் கொள்வதற்கு முன்னர் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

வேலையைத் தொடங்கு முன்

முதற்காரியம் தொட்டியின் குழாயை மூடுதல். இரண்டாவது, பாட்டரியின் இணைப்பைக் கழற்றுதல். மூன்றாவது, என்ஜின் சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருத்தல். பழைய டிராக்டர்களில் கார்புரேட்டருக்கு மிக அருகிலேயே புகை வெளியேறும் குழாய் பழுக்கக் காய்ந்து நிற்கிறது என்பதை மறத்தலாகாது.

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழாமல் தரையோடு தரையாகப் பரவி, பத்தடி தள்ளி அமர்ந்து பீடி பற்றவைப்பவரிடம் சென்று சேரும். மண்ணெண்ணெய் சாதாரண வெயிலில் அவ்வளவு எளிதாகப் பற்றாது. பெட்ரோலோ எவ்வளவு குளிரிலும் பற்றும். ஆகையால் மாட்டுத் தொழுவத்துக்கும் வைக்கோற் போருக்கும் அருகில் இவ்வேலையைச் செய்யவே வேண்டாம். வண்டியைத் தள்ளி வெட்டவெளிக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். ஒரு வாளி உலர்ந்த மணல் பக்கத்தில் இருக்கட்டும். எரியும் பெட்ரோல்மீது தண்ணீரை ஊற்றினால் அது நீரின்மேல் மிதந்து இன்னும் அகலப் பரவும்.

ஒழுகும் இடத்தைக் காணல்

கார்புரேட்டர் ஒழுகுகிறது என்று வருவனவற்றுள் சில கார்புரேட்டருக்கே தொடர்பில்லாதவை. மேலே எங்கோ கசிந்த எரிபொருள் குழாயோடு வழிந்து, கார்புரேட்டரின் அடியில் வந்து சொட்டுகிறது. சொட்டும் இடத்தைப் பார்த்துவிட்டு, அதுவே ஒழுகும் இடம் என்று முடிவு கட்டுதல் கூரை ஒழுகும் வீட்டில் நாம் செய்யும் தவறு போன்றது.

கார்புரேட்டரையும் குழாயையும் தொட்டியின் அடிப்பகுதியையும் பழந்துணியால் நன்கு துடைத்து உலர்த்துங்கள். பிறகு சுண்ணக்கட்டிப் பொடியையோ திருநீறு போன்ற ஏதேனும் வெண்மையான நுண்பொடியையோ இணைப்புகளின்மேல் மெல்லத் தூவுங்கள். என்ஜினை ஓட்டாமல் தொட்டிக் குழாயை மட்டும் திறந்து, பத்து நிமிடம் பொறுத்திருங்கள். எரிபொருள் கசியும் இடத்தில் பொடி நனைந்து கறுத்துக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இதில் தெரிந்துவிடும்.

தொட்டிக்குக் கீழே கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கும். வண்டல் தங்குவதற்காக வைத்தது அது. அதன் விளிம்பு நனைந்திருந்தால் உள்ளே உள்ள தக்கை வாஷர் காய்ந்து சுருங்கிவிட்டது என்று பொருள். அதனை மாற்றினால் போதும். குழாய் வந்து சேரும் பித்தளை நட்டில் கசிந்தால், அதனை ஒரேயடியாக முறுக்குதல் கூடாது. ஒரு ஸ்பானரால் கார்புரேட்டர்ப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் சிறிதே திருக வேண்டும். ஒரே ஸ்பானரால் முறுக்கிக் குழாயையே முறித்துவிட்டோர் பலர். குழாய்க்காரர் சுற்றும் வெள்ளை நாடாவை இங்கே சுற்றுவதும் வேண்டாம். அதன் துணுக்குகள் உள்ளே போய் ஜெட்டை அடைக்கும்.

கிண்ணமும் மூடியும் சேரும் விளிம்பில் கசிந்தால் காஸ்கெட் பழுது. புதிதாக வெட்டிப் போடுவது சுலபம். ஆனால் காஸ்கெட்டை மாற்றியும் கசிந்தால், திருகாணிகளை ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறி முறுக்கியதால் மூடி வளைந்திருக்கக் கூடும். மூடியைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்துப் பார்த்தால் அது ஆடும். மட்டமான கண்ணாடியின்மேல் உப்புத்தாளைப் பரப்பி, அதில் மூடியைத் தேய்த்துச் சமன்செய்யலாம். பட்டறைகளில் ஒட்டுப்பசையைத் தடவி மூடிவிடுகிறார்கள். சாதாரணப் பசை பெட்ரோலில் ஊறி உப்பிப் பிய்ந்து, நுண்துகளாகி மறுபடியும் ஜெட்டுக்கே வந்து சேரும். இதனை நான் சிறிதும் ஆதரிப்பதில்லை.

இவை எவற்றிலும் நனைவு காணாமல், காற்று நுழையும் குழலிலிருந்தே எரிபொருள் சொட்டுமாயின், கோளாறு உள்ளே இருக்கிறது. அதாவது, ஊசி அடைக்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஃபெர்குசன் போன்ற வண்டிகளில் கார்புரேட்டர் கீழே தொங்குகிறது; காற்று கீழிருந்து மேலாகச் செல்கிறது. ஆதலால் என்ஜினை நிறுத்தியவுடன் மேற்குழாயில் படிந்திருந்த எரிபொருள் சிறிது திரும்பி வடிந்து சில சொட்டு விழுதல் இயல்பே. சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கிளப்ப முயன்றாலும் அவ்வாறே சொட்டும். இவை ஒழுக்கு ஆகா. சில நிமிடங்களில் நின்றுவிடுகிறதா, குழாயைத் திறந்து வைத்திருக்கும் வரையில் தொடர்கிறதா என்பதே கேள்வி. தொடர்ந்தால் அடியில் மருந்துக் குப்பியின் அளவு மூடியை வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து பாருங்கள். 70 மில்லி சேர்ந்தால் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் மண்ணில் போகிறது. லிட்டர் நூறு ரூபாயைக் கடந்துவிட்ட இந்நாளில் அதன் கணக்கை உழவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

கிண்ணத்தைத் திறந்தால்

திறப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. குழாயைத் திறந்து வைத்து, திருப்புளியின் மரக் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கத்தை இரண்டு மூன்று முறை இலேசாகத் தட்டுங்கள். சுத்தியல் கூடாது, பழைய வார்ப்பு உடைந்துவிடும். தட்டியவுடன் ஒழுக்கு நின்றால், ஊசியின் வாயில் தூசி அகப்பட்டிருந்தது, அல்லது நெடுநாள் ஓடாமையால் மிதவை ஒட்டிக்கொண்டிருந்தது என்று அறியலாம். அப்பொழுதும் கிண்ணத்தை ஒரு முறை வடித்துக் கழுவுதல் நல்லது. ஒரு துகள் வந்தவிடத்தில் மற்றொன்றும் வரும்.

நிற்கவில்லையாயின் குழாயை மூடி, கிண்ணத்தை வடித்துத் திறக்க வேண்டியதுதான். கழற்றும் ஒவ்வொரு உறுப்பையும் வெள்ளைத் துணியின்மேல் கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொண்டு போனால், பூட்டும்பொழுது மிகுந்தது எது, குறைந்தது எது என்ற தடுமாற்றம் இராது. கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுதல் இன்னும் எளிது.

மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே நீர்மம் குலுங்கும் ஒலி கேட்டால் அது ஓட்டை. ஒலி கேளாவிடினும் ஐயம் இருந்தால், அடுப்பிலிருந்து இறக்கித் தொலைவில் கொண்டுவந்த வெந்நீரில் அமிழ்த்துங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஓட்டையுள்ள இடத்தில் குமிழி விடும். அந்த இடத்தை ஆணியால் கீறி அடையாளம் செய்து, உள்ளே இருப்பதை வடித்து, வாசனையே இல்லாமற் போகும்வரை வெந்நீரிலும் வெயிலிலும் உலர்த்திய பிறகே ஈயப் பற்று வைக்க வேண்டும். அதற்கும் வேறிடத்தில் காய்ச்சிய பற்றுக் கோலையே உபயோகிக்க வேண்டும். பெட்ரோல் தங்கிய மிதவையின் அருகில் சுடரைக் கொண்டுவந்தால் அது வெடிகுண்டுக்கு ஒப்பாகும். பற்று மிகச் சிறியதாக இருக்கட்டும். ஈயம் மிகுந்தால் மிதவை கனத்துத் தாழ்ந்து மிதக்கும். ஊசி அடைபடும் முன் எரிபொருள் மட்டம் உயர்ந்துவிடும். ஒழுக்கு முன்போலவே தொடரும்.

அடுத்தது ஊசி. அதன் கூரான பகுதியில் நகத்தை ஓட்டுங்கள். மோதிரம் போன்ற தேய்வு நகத்தில் தட்டுப்பட்டால் ஊசி பயனற்றது. ஊசியை மாற்றும்பொழுது அது அமரும் துளையுறுப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த துளையில் புது ஊசி அமராது. இவை இரண்டும் சேர்ந்த உதிரி கிடைக்காவிடின், மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டிக் கடைந்து வாங்கலாம். அவ்வகையில் நம் பகுதியினர் பேறு பெற்றவர்கள். 1960களில் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் அதனைச் சுற்றிய தெருக்களையும் போல லேத்துப் பட்டறைகள் நிறைந்த இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை. மூடியோடு மிதவை இணைந்திருக்கும் வகைகளில் மூடியைத் தலைகீழாகப் பிடித்தால், மிதவையின் எடையே ஊசியை அழுத்தி அடைக்கும். மற்ற வகைகளில் ஊசியை விரலால் மெல்லத் தள்ளிப் பிடிக்கலாம். எரிபொருள் நுழையும் வாயில் சுத்தமான ரப்பர்க் குழாயைச் செருகி, வாயால் ஊதுங்கள். காற்று சிறிதும் போகலாகாது. ஊத வேண்டுமேயன்றி உறிஞ்சுதல் கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே கேடு.

துளையுறுப்பின் அடியில் ஒரு நார் வாஷர் இருக்கும். பார்க்க அற்பமாயினும் அதன் காரியம் பெரிது. செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் பயிரிடும் ஓர் உழவரது ஃபெர்குசன் வண்டி இரண்டு ஆண்டு காலம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஊசி இரண்டு முறை மாற்றப்பட்டது, மிதவையும் மாற்றப்பட்டது. மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைப் பொருத்திவிடலாம் என்றும் ஒரு யோசனை கூறப்பட்டது. உருவிற் சிறிய அந்தக் கார்புரேட்டர் நான்கு சிலிண்டர் என்ஜினுக்குப் போதிய எரிபொருளைத் தராது. உழவில் பாரம் ஏறியவுடன் என்ஜின் திணறி நின்றுவிடும். நல்லவேளையாக உழவர் இணங்கவில்லை. கடைசியில் பொறுமையுள்ள ஒரு முதிய மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தபொழுது, அந்த நார் வாஷர் இல்லவே இல்லை என்பது தெரிந்தது. எப்பொழுதோ ஒரு முறை பூட்டியவர் அதனை விட்டுவிட்டார். வாஷர் இல்லாமையால் திருகுமரையின் வழியாகவே எரிபொருள் உள்ளே கசிந்து கொண்டிருந்தது. புதிய ஊசி எவ்வளவு இறுக அடைத்தும் பயனில்லை. சில வகைகளில் இவ்வாஷரின் தடிப்பே எரிபொருள் மட்டத்தையும் நிர்ணயிக்கிறது. ஆகையால் ஒன்றுக்கு இரண்டாகப் போடுவதும், பழையதினும் மெல்லியதைப் போடுவதும் தவறு. பழைய வாஷரை எடுத்துச் சென்று அதே தடிப்பில் வாங்குங்கள்.

எண்ணெயையும் பாருங்கள்

ஒழுக்கை நிறுத்தியாயிற்று என்று உடனே என்ஜினைக் கிளப்ப வேண்டாம். வழிந்த எரிபொருள் யாவும் வெளியே சொட்டியிருக்கும் என்பது நிச்சயமில்லை. ஃபெர்குசனில் கார்புரேட்டர் தாழ இருப்பதால் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆனால் நீர் இறைக்கும் சிறு என்ஜின்களில் கார்புரேட்டர் பக்கவாட்டில் இருக்கிறது. வழிவது சிலிண்டருக்குள் சென்று, பிஸ்டன் வளையங்களைக் கடந்து, அடியிலுள்ள எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் அளவுக் கோலை உருவிப் பாருங்கள். ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தாலும், கோலில் பெட்ரோல் வாடை வீசினாலும் எண்ணெய் கெட்டுவிட்டது. நீர்த்துப்போன எண்ணெய் தேய்மானத்தைத் தடுக்காது. அரை மணி நேரம் ஓடினாலே பேரிங்குகள் பழுதாகக் கூடும். ஒழுக்கை நீக்கச் செலவு சில நூறு ரூபாய்; பேரிங்கை மாற்றப் பல ஆயிரம். எண்ணெயை முற்றிலும் வடித்துப் புதிது ஊற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.

மண்ணெண்ணெய் வகை டிராக்டரில் எண்ணெய் நீர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவ்வண்டியைப் பெட்ரோலில் கிளப்பி, என்ஜின் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்டினால்தான் மறுநாள் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். சோம்பலால் இதனை விட்டுவிட்டு, குளிர்ந்த என்ஜினை மண்ணெண்ணெயில் கிளப்பினால், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. இச்சந்தர்ப்பத்தில் மற்றொன்றையும் கூற வேண்டியது என் கடமை. நியாய விலைக் கடையில் வழங்கும் மண்ணெண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் மட்டுமே உரியது. வண்டிக்கு ஊற்றுதல் சட்டப்படி குற்றம்.

தூசியும் நீரும் வருவது எங்கிருந்து?

ஊசியின் வாயில் அகப்படும் தூசி தொட்டியிலிருந்தே வருகிறது. திறந்த பீப்பாயிலிருந்து வாளியால் மொண்டு ஊற்றுதல், நெற்பதர் பறக்கும் களத்தில் மூடியைத் திறந்து வைத்தல், உட்புறம் துருப்பிடித்த தொட்டியை அப்படியே விட்டுவைத்தல் ஆகிய இவையே காரணம். நுண்ணிய வலை பொருத்திய புனல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறு குறையும். ஆண்டுக்கொரு முறை தொட்டியைக் கழற்றிக் கழுவுவது நல்லது.

பழைய வண்டிக்காரர் அறிய வேண்டிய புதிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து பரவலாகிவிட்டது. எத்தனால் என்பது சாராயமே. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கப்படுவதால் உழவருக்கு அதில் ஆதாயம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்த கார்புரேட்டரை வடிவமைத்தோர் இதனை எண்ணியிருக்க முடியாது. சாராயம் பழைய ரப்பரையும் தக்கை வாஷரையும் ஊறவைத்துக் கெடுக்கிறது. அரக்குப் பூசிய தக்கை மிதவை உள்ள சில பழைய கார்புரேட்டர்களில் அரக்கையே கரைத்துவிடுகிறது. அன்றியும் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால், சாராயமும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கிண்ணத்தின் அடியில் வெண்மையான மாவுபோல் படிந்திருப்பது அந்நீர் அரித்த உலோகத்தின் துகளே. தொட்டியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளைத் தெளிந்த கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால், நீர் இருப்பின் கீழே தனி அடுக்காகத் தெரியும். பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுதலே நிரந்தரப் பரிகாரம்.

ஊராட்சி என்ஜின்கள்

ஊராட்சிப் பொறுப்பிலுள்ளோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவாகும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி நீர் திறந்துவிடப்பட்ட நாட்களையும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த நாட்களையும் நம் பகுதியார் மறந்திரார். அத்தகைய நாளில் நீர் இறைக்கும் என்ஜின் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் குடிசைக்குள் நீர் புகுந்துவிடும். ஆனால் அந்த என்ஜினின் நிலை என்ன? ஒரு மழையில் ஓட்டிய பின், கிண்ணத்தில் பெட்ரோலோடு அப்படியே கிடங்கில் தள்ளி, அடுத்த மழை வரை பத்து மாதம் பூட்டி வைத்துவிடுகிறோம். நின்ற பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசண்டு படிந்து, மிதவையும் ஊசியும் திறந்தபடியே ஒட்டிக்கொள்கின்றன. மழை நாளில் குழாயைத் திறந்தவுடன் எரிபொருள் வழிகிறது, பிளக் நனைகிறது, என்ஜின் கிளம்புவதில்லை. மழைக்காலத்தில் மெக்கானிக்குக் கிடைக்கும் மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வேண்டிய முயற்சி மிகச் சொற்பம். வேலை முடிந்ததும் என்ஜினை விசையால் நிறுத்தாமல், தொட்டிக் குழாயை மூடிவிட்டு ஓடவிடுங்கள். கிண்ணத்திலுள்ளது தீர்ந்து என்ஜின் தானே நின்றுவிடும். நெடுநாள் வைப்பதாயின் தொட்டியையும் வடித்துவிடுங்கள். மாதம் ஒரு முறை சிறிது புதிய பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி, மறுபடியும் அவ்வாறே நிறுத்தி, ஓட்டிய தேதியை இயந்திரப் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். புரட்டாசி மாதத்திலேயே ஒரு முறை முழுதும் சோதித்துக்கொண்டால், ஐப்பசி மழைக்கு என்ஜின் தயாராக இருக்கும்.

பழுது பார்த்த செலவுச் சீட்டு ஊராட்சிக்கு வரும்பொழுது, "கார்புரேட்டர் புதிது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், மாற்றிய பழைய கார்புரேட்டரைக் கேட்டு வாங்கி இருப்பில் வையுங்கள். அதனைத் திறந்து மிதவையைக் குலுக்கியும் ஊசியை நகத்தால் தடவியும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பழுதின்றி இருந்தால் அதுவே அடுத்த ஆண்டுக்குரிய உதிரியாயிற்று. சீட்டு எழுதியவரிடம் இரண்டு கேள்வி கேட்பதற்கும் ஏதுவாகும்.

தோளில் மாட்டிப் புல் வெட்டும் சிறு இயந்திரங்கள் வைத்திருப்போருக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலானவற்றின் கார்புரேட்டரில் மிதவை இல்லை. எப்பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக, மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். அது ஒழுகினால் மேலே கூறிய சோதனைகள் பொருந்தா. சவ்வையும் அதன் ஊசியையும் ஒரு தொகுதியாகவே விற்கிறார்கள்; வாங்கி மாற்றிவிட வேண்டியதுதான்.